மாறாத முழு எண்

கட்டமிட்ட தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையிலிருந்து வலப்புறம் ஒரு கட்டமும் பின்னர் மேலே ஒரு கட்டமும் செல்லுங்கள். மறுமுறை, முதலில் மேலேயும் பின்னர் வலப்புறமும் செல்லுங்கள். இரு முறையும் அடையும் புள்ளி ஒன்றே. அணுக்கள் ஒழுங்குற அமைந்த தட்டையான படிகத்திலும் இவ்வாறே. இவ்வொழுங்கினைச் சமச்சீர்மை என்கிறோம்.

படிகத்தினுள் இயங்கும் எலெக்ட்ரானுக்கும் இவ்விதி பொருந்துமா? எலெக்ட்ரான் அலையின் இயல்பும் உடையது. படிகத்திற்குச் செங்குத்தாகக் காந்தப் புலத்தைச் செலுத்தினால், இரு வழிகளும் ஒரே இடத்தில் முடிந்தாலும் அலை ஒரே நிலையில் இருப்பதில்லை. புலத்தின் வலிமை தக்க அளவில் அமையின், ஒரு வழியில் முகடாக வருவது மறுவழியில் அகடாக வரும். கூட்டல் குறி கழித்தல் குறியாகும். இவ்வாறு அலையின் நிலையளவில் மட்டும் பிறழும் சமச்சீர்மைக்குப் ‘புரொஜெக்டிவ்’ சமச்சீர்மை என்று பெயர்.

விடைத்தாளில் கழித்தல் குறியை விட்டுவிட்டு, “குறிதானே, ஐயா!” என்று வாதாடிய மாணவர் பலரை நான் கண்டதுண்டு. அவர்களுக்கு இயற்கையே விடை கூறுகிறது.

1980-ஆம் ஆண்டில் கிளவுஸ் ஃபான் கிளிட்சிங் என்னும் ஜெர்மானிய அறிஞர், சிலிக்கானின் மேற்பரப்பில் மெல்லிய படலமாக இயங்கும் எலெக்ட்ரான்களைக் கடுங்குளிரில், வலிய காந்தப் புலத்தில் ஆராய்ந்தார். மின்னோட்டத்திற்குக் குறுக்கே அளந்த மின்தடை, 25,812.8 ஓம் என்னும் அளவை முழு எண்களால் வகுத்த ஈவுகளிலேயே படிபடியாக நின்றது. பொருளில் மாசு இருந்தும் அவ்வளவு பிறழவில்லை.

காரணம் யாது? 1982-இல் டேவிட் தௌலெசும் அவருடன் உழைத்த மூவரும் படிகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விடை கண்டனர். மேற்கூறிய பிறழ்ச்சி உள்ளவிடத்து, எலெக்ட்ரான் அலைகளின் தொகுதியில் ஒருவகை முறுக்கு அமைகிறது. நாடா ஒன்றை முறுக்கி, முனைகளை ஒட்டிவிடுங்கள். கசக்கினாலும் இழுத்தாலும், அறுத்தாலன்றி முறுக்குகளின் எண்ணிக்கை மாறுமோ? அவ்வெண்ணிக்கையே மின்தடையை வகுக்கும் முழு எண். இத்தகைய மாறாப் பண்புகளை ஆராயும் கணிதத் துறை இடத்தியல் எனப்படும். உட்பகுதி மின்சாரத்தைக் கடத்தாத போதும், விளிம்பில் மின்னோட்டம் ஒரே திசையில் செல்லும். மாசு வழிமறித்தால் சுற்றிச் செல்லுமேயன்றித் திரும்பாது.

கிளிட்சிங் 1985-இலும், தௌலெஸ் வேறிருவருடன் 2016-இலும் நோபல் பரிசு பெற்றனர். இன்று பல நாடுகளின் அளவியற் கூடங்கள் ஓம் என்னும் அலகை இவ்விளைவைக் கொண்டே நிலைநாட்டுகின்றன. ஆகவே, குறியை விடாதீர்கள்!