அங்கத்தினர் பேரேட்டில் ஒரு பெயர்

சங்கங்களின் ஏடுகளைப் புரட்டுவதே நமக்குத் தொழில். பங்குத்தொகையில் ஒரு ரூபாய் பிசகினாலும் கண்டு குறிப்பெழுதி விடுவோம். ஆனால், ஏட்டிலுள்ள பெயரே ஓர் அங்கத்தினரை வருத்தக்கூடும் என்பதை 2022ஆம் ஆண்டு ஆடித் திங்களில் ஒரு நெசவாளர் சங்கத்தில்தான் உணர்ந்தோம். அச்சங்கத்தின் பெயரும் அங்கத்தினரின் பெயரும் நேயர்களுக்கு வேண்டியதில்லை.

அந்த அம்மையார் பதினான்கு ஆண்டுகளாக அங்கத்தினர். தந்தையாருக்குப் பின் அவருடைய குழித்தறியில் அமர்ந்து கோர்வைச் சேலை நெய்பவர். கரைக்கு நாடா தள்ளித் துணை செய்பவர் தாயார். சங்கத்தில் சேர்ந்தபோது அவருக்கு இருந்தது ஆண்பெயர். பிறகு சென்னையில் அரசினர் மருத்துவமனை ஒன்றில் அறுவைச் சிகிச்சை பெற்று, திருநங்கையாக, தாமே விரும்பி ஏற்ற பெண்பெயரோடு ஊர் திரும்பினார். அறியாத ஊர் எதிலாவது போய் இருந்துகொள்ளலாமே என்று உறவினர் சிலர் சொல்லிப் பார்த்தனராம்.

“தறி இங்கே இருக்கிறது, ஐயா. அம்மாவும் இங்கேதான் இருக்கிறார். நான் எங்கே போவது?” என்றார் நம்மிடம்.

தெருவார் ஆறு திங்களில் பழகிவிட்டனர். சங்கத்து ஏடுகள்தாம் பழகவில்லை. சனிக்கிழமைதோறும் கூலிப் பட்டியல் வாசிக்கும் குமாஸ்தா பழைய பெயரையே உரக்கக் கூப்பிடுவார். திண்ணையில் அமர்ந்திருப்போர் எல்லோரும் திரும்பிப் பார்ப்பர். அந்தப் பெயருக்கு எழுந்து சென்றால்தான் கூலியும் அடுத்த பாவும் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை அவர் எழவில்லை. மறு சனிக்கிழமையும் எழவில்லை. ‘அங்கத்தினர் வரவில்லை’ என்று குறிப்பெழுதி, மூன்று வாரக் கூலி நிறுத்தி வைக்கப்பட்டது. அவரோ மூன்று வாரமும் அதே திண்ணையில்தான் அமர்ந்திருந்தார்.

பெயரைத் திருத்தித் தருமாறு அவர் கொடுத்த மனுவுக்கு நிர்வாகக் குழுவினர் எளிய வழியொன்று கண்டனர்: பழைய அங்கத்தினர் பங்கைத் திரும்பப் பெற்று விலகட்டும், புதிய பெயரில் புதிய அங்கத்தினராகச் சேரட்டும். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால், பதினான்கு ஆண்டு மூப்பு போகும்; சேமிப்புக் கணக்கின் தொடர்ச்சி அறும்; தறிக்கடன் கேட்டால் நேற்று வந்தவர் என்ற நிலையில் நிற்க வேண்டும்.

இதில் நம் குற்றமும் உண்டு. முந்திய ஆண்டு அம்மனு நம் பார்வைக்கு வந்தபோது, ‘உரிய ஆவணம் இணைக்கப்படவில்லை’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பியவர் நாமே. உரிய ஆவணம் எது என்று எழுதவில்லை. அது நமக்கே தெரியாது என்பதுதான் உண்மை. பட்டம் பெற்று, இலாகாப் பரீட்சையும் தேறிய நமக்குத் தெரியாததை, அந்த அம்மையார் மாவட்டச் சமூகநல அலுவலகத்திற்கு நான்கு முறை நடந்து தெரிந்துகொண்டார்.

2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து கூறும் உரிமை ஏற்கப்பட்டது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால்தான் ஏற்போம் என வற்புறுத்துவது சட்டத்திற்கு மாறு என்றும் கூறப்பட்டது. 2019ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், மாவட்ட மாஜிஸ்திரேட்டு அடையாளச் சான்று வழங்க வழி செய்தது. சிகிச்சைக்குப் பின் திருத்திய சான்று பெறவும், அதைக்கொண்டு பிறப்புச் சான்றிலும் ஏனைய அரசாங்க ஆவணங்களிலும் பெயரை மாற்றிக்கொள்ளவும் அதில் இடமிருந்தது. அச்சான்று 2022இல் அவர் கையில் இருந்தது. நாம் சென்ற அன்று அதைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, நெய்த சேலையோடு சேர்த்து மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

குழுக் கூட்டத்தில் வாதம் நடந்தது. “பெற்றவர் இட்ட பெயரை மாற்றலாமா?” என்றார் முதியவர் ஒருவர். நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ் அவர்களை நினைவூட்டினோம். மதுரையில் பிறந்த அத்திருநங்கைக்கு ‘நர்த்தகி’ என்று பெயரிட்டவர் அவருடைய குருவான தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளை. அந்தப் பெயருக்குத்தான் 2019இல் பத்மஸ்ரீ விருது வந்தது. முதியவர், “அப்படியா!” என்று சற்று நேரம் பேசாமலிருந்தார். மற்றொரு விஷயமும் சொன்னோம். தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில், ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்புக் கூறியது. திருமணப் பதிவேட்டிலேயே இடமுண்டென்றால், நூல் வழங்கும் ஏட்டில் இல்லாமற் போகுமா?

ஓர் இயக்குநர் கேட்ட கேள்வி மட்டும் கணக்கறிந்தவர் கேள்வி. “பெயர் மாறினால் பழைய கடனுக்கு யார் பொறுப்பு?” என்றார். அங்கத்தினர் எண் மாறக் கூடாது என்பதே அதற்கு விடை. எண் அதுவே, பங்கு அதுவே, கடனும் அதுவே. பெயர் மட்டும் திருந்துகிறது. தீர்மானம் நிறைவேற்றி, சான்றின் நகலைக் கோப்பில் வைத்து, பங்கேட்டில் தீர்மான எண்ணையும் தேதியையும் குறித்துக் காரியதரிசி கையொப்பமிட்டால் தணிக்கைக்கு அது போதும். பழைய பெயர் கோப்புக்குள் இருக்கலாம். கூலிப் பட்டியலிலும் பொதுச்சபை வாசிப்பிலும் அது வரலாகாது. பிற சங்கத்துக் காரியதரிசிகளுக்கும் இம்முறை பயன்படலாம் என்றே இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

தீர்மானம் அன்று மாலையே நிறைவேறியது. நிறுத்திய கூலியும் வழங்கப்பட்டது. குமாஸ்தா புதிய பெயரை எழுதுகையில் ளகரத்திற்கு லகரம் எழுதிவிட்டார். “அம்மா, இது போதுமல்லவா?” என்று ஏட்டைத் திருப்பிக் காட்டினார். அவர் குனிந்து பார்த்து, “இல்லை, அண்ணா, திருத்திவிடுங்கள்” என்றார். அடித்து எழுதி, அருகில் சுருக்கொப்பமிட்டார் குமாஸ்தா. வங்கிக் கணக்கிலும் வாரிசு நியமனத் தாளிலும் பெயர் மாறவேண்டியிருந்தது. அதற்காக மறுநாட் காலை பத்து மணிக்கு அவரும் காரியதரிசியும் வங்கிக்குப் புறப்பட்டனர்.