பைத்தானில் 'மாட்யூல் இல்லை' பிழை: காரணங்களும் சரிசெய்யும் முறையும்

பைத்தான் நிரலில் இம்போர்ட் கட்டளை கேட்கும் மாட்யூலைக் கண்டுபிடிக்க முடியாதபோது வரும் பிழைச்செய்தி 'மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்' எனப்படும். 2016 டிசம்பரில் வெளியான 3.6 பதிப்பிலிருந்துதான் இதற்கு இந்தத் தனிப்பெயர். அதற்கு முன்பு 'இம்போர்ட் எரர்' என்ற பொதுப்பெயரிலேயே வந்தது. செய்தியில் 'இல்லை' என்று இருப்பதால் அந்த மாட்யூல் கணினியிலேயே இல்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். செய்தியின் பொருள் அதைவிடக் குறுகியது. இந்த நிரலை இப்போது இயக்கிக்கொண்டிருக்கும் பைத்தான், தான் வழக்கமாகத் தேடும் கோப்புறைகளில், இந்தப் பெயரில் எதையும் பார்க்கவில்லை. அவ்வளவுதான். எந்தப் பைத்தான், எந்தக் கோப்புறைகள், எந்தப் பெயர் என்ற மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

இக்கட்டுரையில் கட்டளைகள் ஒலிப்பு முறையில் தமிழில் தரப்பட்டுள்ளன. தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இட வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பில் முதல் சந்திப்பு

தமிழ்நாட்டு மாணவர்கள் பலர் இந்தப் பிழையை முதலில் சந்திப்பது கல்லூரியில் அல்ல, பள்ளியில். 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானை அடிப்படையாகக் கொண்டது. அதன் பிற்பகுதியில் சிஎஸ்வி கோப்புகளைப் படிக்கும் பாடம் உண்டு; எஸ்க்யூலைட் தரவுத்தளத்தைக் கையாளும் பாடம் உண்டு; கடைசியாக, மேட்பிளாட்லிப் கொண்டு வரைபடம் வரையும் பாடம் வருகிறது. முதல் இரண்டிலும் இம்போர்ட் என்று எழுதியவுடன் வேலை நடக்கிறது. மூன்றாவதில் அதே போல எழுதினால் சிவப்பு எழுத்தில் பிழை வருகிறது.

சிஎஸ்வி, எஸ்க்யூலைட்3 ஆகியவை பைத்தானின் செந்தர நூலகத்தைச் சேர்ந்தவை. பைத்தானை நிறுவும்போதே உடன் வந்துவிடுகின்றன. மேட்பிளாட்லிப் வெளியார் எழுதிய தொகுப்பு. வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் பார்ப்பதற்காக ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் உருவாக்கி, 2003இல் வெளியிட்டது. இத்தகைய தொகுப்புகள் 'பைப்பிஐ' என்ற இணையக் களஞ்சியத்தில் இருக்கின்றன. அங்கிருந்து நம் கணினிக்குக் கொண்டுவரும் கருவி 'பிப்'. மேட்பிளாட்லிப்பை ஒன்றைத்தான் கேட்கிறோம். ஆனால் நம்பை, பில்லோ, கிவிசால்வர், பைபார்சிங் என அது சார்ந்திருக்கும் பலவும் சேர்ந்தே இறங்கும். அதனால் திரையில் வரிகள் நீளமாக ஓடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இங்கேயே ஒரு சறுக்கல் உண்டு. 'பிப் இன்ஸ்டால் மேட்பிளாட்லிப்' என்பதை ஐடில் சாளரத்தில், மூன்று கூர்க்குறிகளுக்குப் பக்கத்தில் அடித்துவிட்டு, 'சின்டாக்ஸ் எரர்' வருகிறதே என்று கேட்பவர்கள் ஏராளம். பிப் என்பது பைத்தான் மொழியின் கட்டளை அல்ல. விண்டோசில் கட்டளைச் சாளரத்திலும், லினக்சில் முனையத்திலும்தான் அதை அடிக்க வேண்டும். ஜூபிட்டர், கோலாப் ஆகியவற்றின் கட்டத்துக்குள் அடிப்பதானால் முன்னால் ஒரு விழுக்காட்டுக் குறி சேர்க்க வேண்டும்.

எந்தப் பைத்தான்?

'நிறுவிவிட்டேன், வெற்றி என்று செய்தியும் வந்தது, ஆனாலும் இல்லை என்கிறது.' இந்தப் புகாருக்குப் பின்னால் அநேகமாக ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருக்கும். பள்ளிக்காக ஒன்றை நிறுவியிருப்பார்கள். பிறகு காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு அனகோண்டா வந்திருக்கும். விண்டோஸ் 10இன் 2019 மே மாதப் புதுப்பிப்புக்குப் பின், பைத்தான் இல்லாத கணினியில் 'பைத்தான்' என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது. அங்கே இன்னொன்றை நிறுவியிருப்பார்கள். ஒவ்வொரு பைத்தானுக்கும் தொகுப்புகளை வைக்கும் கோப்புறை தனி. ஒன்றில் வைத்தது மற்றொன்றுக்குத் தெரியாது.

திண்டுக்கல்லில் பூட்டுச் செய்பவரிடம் போய் 'சாவி சேரவில்லை' என்றால், புதுச் சாவி வெட்டுவதற்கு முன் 'எந்தப் பூட்டு, எடுங்கள்' என்றுதான் கேட்பார். இங்கேயும் அதே கேள்வியில் தொடங்க வேண்டும். பிழை வரும் அதே நிரலின் மேலே 'இம்போர்ட் சிஸ்' என்றும், அடுத்த வரியில் 'பிரிண்ட்' செய்யும்படி 'சிஸ் புள்ளி எக்ஸிக்யூட்டபிள்' என்றும் எழுதி இயக்குங்கள். நிரலை இயக்கும் பைத்தானின் முழு முகவரி வரும். அடுத்து, கட்டளைச் சாளரத்தில் 'பிப் --வெர்ஷன்' என்று கேளுங்கள். பிப் எந்தக் கோப்புறையில் இருக்கிறது, எந்தப் பைத்தான் பதிப்பைச் சேர்ந்தது என்று காட்டும். இரண்டு முகவரிகளும் வேறு வேறாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. விண்டோசில் எத்தனை பைத்தான்கள் உள்ளன என்று மொத்தமாகப் பார்க்க 'பை --லிஸ்ட்' உதவும்.

தீர்வு எளிது. பிப்பைத் தனியாக அழைக்காமல், எந்தப் பைத்தானுக்கு வேண்டுமோ அதன் வழியாகவே அழைக்க வேண்டும்: 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் மேட்பிளாட்லிப்'. இடைக்கோடு எம் என்பது 'இந்தப் பைத்தானுக்குள் இருக்கும் இந்த மாட்யூலை இயக்கு' என்று பொருள்படும். விண்டோசில் 'பை -3.11 -எம் பிப்' என்று பதிப்பு எண்ணையும் குறிப்பிடலாம். 'பிப்' என்று மட்டும் அடிக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே விட்டுவிடுவது நல்லது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சில சொற்களைக் கூடுதலாக அடிப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. விஎஸ் கோட் பயன்படுத்துவோர், சாளரத்தின் கீழ் வலது மூலையில் எந்தப் பைத்தான் தேர்வாகியிருக்கிறது என்று பார்த்து, அங்கே சொடுக்கி மாற்றிக்கொள்ளலாம்.

'பிப் என்ற கட்டளையே தெரியவில்லை' என்று விண்டோஸ் சொன்னால், நிறுவும்போது 'பாத்'தில் சேர்க்கும் சிறு கட்டத்தில் குறியிடத் தவறியிருக்கிறது. மீண்டும் நிறுவாமலே 'பை -எம் பிப்' என்று முயன்று பாருங்கள். பெரும்பாலும் வேலை செய்யும்.

உங்கள் கோப்பே மறைக்கலாம்

பைத்தான் ஒரு மாட்யூலைத் தேடும்போது முதலில் பார்ப்பது நீங்கள் இயக்கும் நிரல் இருக்கும் கோப்புறையை. அதன் பின்னரே செந்தர நூலகம். கடைசியாக, வெளித்தொகுப்புகள் வைக்கப்படும் 'சைட்-பேக்கேஜஸ்'. வரைபடப் பாடத்துக்கான பயிற்சி நிரலை ஒரு மாணவர் 'மேட்பிளாட்லிப்' என்ற பெயரிலேயே சேமித்துவிட்டால் என்ன ஆகும்? பைத்தான் அந்தக் கோப்பையே நூலகம் என்று எடுத்துக்கொள்கிறது. 'மேட்பிளாட்லிப் ஒரு பேக்கேஜ் அல்ல' என்ற சொற்கள் பிழைச்செய்தியின் முடிவில் இருக்கும். கடைசி வரியை முழுவதும் படிக்காதவர்கள் மேட்பிளாட்லிப்பை நான்கு முறை நீக்கி நான்கு முறை நிறுவுவார்கள். கோப்பின் பெயரை மாற்றினால் போதும்.

'சிஎஸ்வி' என்றோ 'ரேண்டம்' என்றோ கோப்புக்குப் பெயரிட்டாலும் இதே கதைதான். அப்போது மாட்யூல் இல்லை என்று வராமல், 'ரீடர் என்ற பண்பு இல்லை' என்பது போல வரும். அதனால் இன்னும் குழப்பம். 2024 அக்டோபரில் வெளியான 3.13 பதிப்பு இந்த இடத்தில் 'கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள்' என்று தானே சொல்கிறது.

நிறுவும் பெயர் வேறு, அழைக்கும் பெயர் வேறு

பைப்பிஐ களஞ்சியத்தில் உள்ள பெயரும், நிரலில் இம்போர்ட் செய்யும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. தமிழ் எழுத்துகளைப் பிரிக்கவும் எண்ணவும் உதவும் 'ஓப்பன்-தமிழ்' தொகுப்பே நல்ல எடுத்துக்காட்டு. நிறுவும்போது 'ஓப்பன்-தமிழ்', நிரலில் 'இம்போர்ட் தமிழ்'. 'இம்போர்ட் ஓப்பன்-தமிழ்' என்று எழுதினால் இடைக்கோட்டைக் கழித்தல் குறியாக எடுத்துக்கொண்டு சின்டாக்ஸ் எரர் தரும். இது போலவே, நிரலில் 'சிவி2' என்று வருவதற்கு 'ஓப்பன்சிவி-பைத்தான்' என்றும், 'பிஐஎல்' என்பதற்கு 'பில்லோ' என்றும், 'எஸ்கேலேர்ன்' என்பதற்கு 'சைகிட்-லேர்ன்' என்றும், 'பிஎஸ்4' என்பதற்கு 'பியூட்டிஃபுல்சூப்4' என்றும் நிறுவ வேண்டும்.

பெயரை ஊகித்து அடிப்பதில் ஆபத்தும் உண்டு. பைப்பிஐயில் யார் வேண்டுமானாலும் தொகுப்பை ஏற்றலாம். 2017 செப்டம்பரில், புகழ்பெற்ற தொகுப்புகளின் பெயரைப் போலவே பெயரிட்டு ஏமாற்றும் பத்துத் தொகுப்புகள் அங்கே இருப்பதை ஸ்லோவாக்கியாவின் பாதுகாப்பு அமைப்பு கண்டறிந்து அறிவித்தது. அப்போதிருந்து இத்தகைய போலிகள் வருவதும் நீக்கப்படுவதும் தொடர்கின்றன. ஆகவே தொகுப்பின் சரியான பெயரை அதன் ஆவணப் பக்கத்தில் பார்த்து, எழுத்துப் பிழையின்றி அடிக்க வேண்டும். குத்துமதிப்பாக ஒன்றை அடித்து, அது நிறுவப்பட்டும்விட்டால், அதுதான் கவலைக்குரிய நிலை.

பழைய கணினி, புதிய பதிப்பு

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ பெற்ற கணினி சில வீடுகளில் இன்னும் ஓடுகிறது. அதில் விண்டோஸ் 7 இருந்தால் பைத்தான் 3.9 முதலான பதிப்புகள் அதில் நிறுவ வராது, 3.8 தான் கடைசி. மேட்பிளாட்லிப்பின் 3.7 வரிசைக்கு மேல் 3.8 பைத்தானில் இயங்காது. ஆனாலும் பள்ளிப் பாடத்துக்கு அது தாராளம். பதிப்பு எண்ணைக் குறிப்பிடாமல் நிறுவச் சொன்னால், பொருந்தும் பழைய பதிப்பை பிப் தானாகவே தேர்ந்துகொள்ளும்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. பைத்தானின் மிகப் புதிய பதிப்பு வந்த வாரத்திலேயே அதை நிறுவினால், பல தொகுப்புகளுக்கு அதற்கேற்ற 'வீல்' கோப்பு, அதாவது முன்கூட்டியே தொகுத்து வைத்த கோப்பு, இன்னும் வந்திருக்காது. பிப் மூலநிரலை இறக்கித் தானே தொகுக்க முயலும். 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ தேவை' என்று நிற்கும். பல ஜிபி அளவுள்ள அந்தக் கருவியை இறக்குவதைவிட, ஒரு பதிப்பு பின்னால் உள்ள பைத்தானை நிறுவுவது மேல்.

உபுண்டு 23.04, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 ஆகியவற்றிலும் அவற்றுக்குப் பின் வந்தவற்றிலும் பிப் கட்டளை 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று மறுக்கும். இது கோளாறு அல்ல. இயங்குதளத்தின் சொந்த வேலைகளே அந்தப் பைத்தானை நம்பியிருப்பதால், அதில் கை வைக்காமல் காக்கும் ஏற்பாடு. இணையத்தில் பலரும் பரிந்துரைக்கும் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' தெரிவு, பெயரிலேயே என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறது. சரியான வழி மெய்நிகர் சூழல்: 'பைத்தான்3 -எம்' என்பதுடன் வி, இ, என், வி என்ற நான்கு எழுத்தும் ஒரு கோப்புறைப் பெயரும் சேர்த்து அடித்தால், அந்தக் கோப்புறைக்குள் தனிப் பைத்தான் சூழல் உருவாகும். அதைச் செயல்படுத்திவிட்டு நிறுவ வேண்டும். அடுத்த நாள் கணினியைத் திறக்கும்போது மறுபடி செயல்படுத்த மறந்தால், நேற்று வேலை செய்தது இன்று 'மாட்யூல் இல்லை' என்று வரும்.

இணையம் குறைவாக இருந்தால்

வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் கைப்பேசி இணைய இணைப்பைப் பகிர்ந்து நிறுவும்போது பாதியில் அறுந்துபோவது புதிதல்ல. பிப் ஒரு பதிலுக்கு 15 வினாடிதான் காத்திருக்கும். கட்டளையில் '--டைம்அவுட் 100' சேர்த்தால் அதிகம் பொறுக்கும்.

அதைவிட உறுதியான வழி, நல்ல இணையம் உள்ள இடத்தில் 'பைத்தான் -எம் பிப் டவுன்லோடு மேட்பிளாட்லிப் -டி' என்றும் கோப்புறைப் பெயரும் அடித்து, சார்புத் தொகுப்புகளோடு எல்லாவற்றையும் இறக்கிப் பென் டிரைவில் எடுத்துவருவது. வீட்டில் 'இன்ஸ்டால்' கட்டளையுடன் '--நோ-இண்டெக்ஸ்', '--ஃபைண்டு-லிங்க்ஸ்' ஆகிய இரண்டையும் சேர்த்து அந்தக் கோப்புறையைக் காட்டினால் இணையமின்றி நிறுவிவிடும். இரு கணினிகளிலும் ஒரே இயங்குதளமும் ஒரே பைத்தான் பதிப்பும் இருக்க வேண்டும். வீல் கோப்பின் பெயரிலேயே 'சிபி311', 'வின்_ஏஎம்டி64' என்பன போல அது எழுதியிருக்கும். பள்ளி ஆய்வகத்தில் முப்பது கணினிகளுக்கும் தனித்தனியாக இறக்குவதைவிட, ஆசிரியர் ஒரு முறை இப்படிச் செய்துவைத்தால் செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள் பதற வேண்டியதில்லை.

இணையம் நன்றாக இருந்தும் 'சர்டிஃபிகேட்' பற்றிய பிழை வந்தால், கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய கணினிகளில் தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். தளத்தின் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று நினைத்து பிப் மறுக்கும். கல்லூரி வலையமைப்பில் இதே பிழை வந்தால் ப்ராக்சி அமைப்பு காரணமாக இருக்கலாம். ஆய்வகப் பொறுப்பாளரிடம் முகவரி கேட்டு '--ப்ராக்சி' தெரிவில் கொடுக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இயங்கும் நாளில் 'பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ்' என்று அடித்து, வரும் பட்டியலை 'ரிக்வயர்மென்ட்ஸ்' என்ற உரைக்கோப்பாக நிரலோடு வைத்துக்கொள்ளலாம். வேறு கணினியில் 'இன்ஸ்டால் -ஆர்' என்று அந்தக் கோப்பைக் காட்டினால், அதே தொகுப்புகள் அதே பதிப்புகளில் நிறுவப்படும்.