இருதயத்தில் ஓட்டையும் ரோபோ கருவியும்



"ரோபோவே ஆபரேஷன் செய்கிறதாமே, அப்படியானால் டாக்டர் எதற்கு?" என்று உங்களில் சிலர் எங்களிடம் கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

இருதயத்தின் மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டையோடு பிறந்தும், அதை அறியாமலே வளர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. முப்பது, நாற்பது வயதில்தான் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும், படபடப்பு வரும். சுத்த இரத்தத்தில் ஒரு பங்கு ஓட்டை வழியே திரும்பவும் நுரையீரலுக்கே போவதுதான் காரணம். கவனியாமல் விட்டால், சிலருக்கு நுரையீரல் குழாய்களில் அழுத்தம் மிகவும் ஏறிவிடும். அதன்பின் ஓட்டையை அடைப்பதே ஆபத்தாகிவிடும்.

சுவரின் நடுவே உள்ள ஓட்டையைப் பெரும்பாலும் தொடை இரத்தக்குழாய் வழியாகக் குடை போன்ற சாதனம் அனுப்பி அடைத்துவிடலாம். அபூர்வமான வேறொரு வகையில், உடலின் மேற்பாகத்து இரத்தத்தைக் கொண்டுவரும் பெரிய சிரை சேரும் இடத்திலேயே ஓட்டை இருக்கும். இடப்பக்கம் போகவேண்டிய நுரையீரல் சிரைகளும் வழி மாறி வலப்பக்கம் வந்திருக்கும். குடை பிடித்து நிற்க அங்கே போதிய விளிம்பு இராது. இருதய உறையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, ஒட்டுப்போடுவதுபோல் தைத்து, இரத்தத்தைச் சரியான பக்கம் திருப்பவேண்டும்.

வழக்கமாக இதற்கு நெஞ்செலும்பை நீளவாக்கில் அறுப்பார்கள். அது கூடிவர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்கு இது சிறிய காரியமா?

ரோபோ முறையில் வலப்பக்க விலா இடுக்குகளில் சிறு துளைகள் போதும். டாக்டர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பெரிதாக்கிய படத்தைப் பார்த்து விரல்களை அசைப்பார். உள்ளே கருவியும் அப்படியே அசையும். தானாக ஒரு தையலும் போடாது. ஆனால் இருதயத்தை நிறுத்தி, அதன் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைப்பது இதிலும் உண்டு. 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் டாக்டர் ஜான் கிப்பன் 18 வயதுப் பெண்ணின் ஓட்டையை அடைத்ததும் அத்தகைய இயந்திரத்தின் துணையோடுதான்.

நியூயார்க் கொலம்பியா மருத்துவர்கள் 17 பேரின் சாதாரண வகை ஓட்டையை ரோபோவால் தைத்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப்பேர் நான்கு நாட்களுக்குள் வீடு திரும்பினார்கள். ஒருவருக்குத் தையல் நிற்காமல் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது. அதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

கருவியின் விலை பல கோடி. தொடை இரத்தக்குழாய் கெட்டவர்களுக்கும், நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிப்போனவர்களுக்கும் இந்த முறை பொருந்தாது. அவர்களுக்குப் பழைய முறையே நல்லது. அதன் பலனும் குறைவல்ல.

உங்கள் சபையில் யாராவது, "வயதாகிறது, மூச்சு வாங்குகிறது" என்று சொன்னால், ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.