தட்டுவதற்கு ஒரு கதவு

மொடக்குறிச்சித் தேர்தலை நம் பகுதிப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே நினைவுகூர்வதுண்டு. 1996ஆம் ஆண்டின் சட்டமன்றத் தேர்தலில் அந்த ஒரு தொகுதியில் மட்டும் 1,033 பேர் வேட்பாளராக நின்றனர். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று. வாக்குப்பதிவும் ஒரு மாதம் தள்ளிப் போயிற்று. நின்றவருள் மிகப் பலர் உழவர். தங்கள் குறைகளை எத்தனை முறை எடுத்துரைத்தும் செவிசாய்ப்பார் இல்லாமையால், வேறு வழி காணாது திரள்திரளாக வேட்புமனு அளித்தவர்கள் அவர்கள்.

அவர்களுள் மிகப் பெரும்பாலோர் டெபாசிட் இழந்தனர். 88 பேருக்கு ஒரு வாக்கும் விழவில்லை. இவர்களைப் பதவி ஆசை பிடித்தவர்கள் என்று எவரும் கூறார். அதே ஆண்டு, இன்றைய தெலங்கானாவின் நல்கொண்டா நாடாளுமன்றத் தொகுதியில் 480 பேர் நின்றனர்; புளோரைடு கலந்த நீரைக் குடித்து எலும்பு வளைந்துபோன ஊர்களின் முறையீடு அது. நாடாளுமன்றம் பின்னர் சட்டத்தைத் திருத்தியது. சட்டமன்ற வேட்பாளர் கட்ட வேண்டிய டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. குறை கேட்கும் வழி அகலவில்லை. முறையிடுவதற்கான செலவுதான் கூடிற்று.

இதை ஈண்டுக் கூறக் காரணம் உண்டு. நம் கொடுமுடி இன்று அடங்கியிருப்பது அதே மொடக்குறிச்சித் தொகுதியில்தான். ஆயினும், சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இலட்சக்கணக்கான வாக்காளருக்கு ஒருவர். நம் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டதை அவர் அறிந்திருத்தல் வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமன்று. திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடைபெறுகிறது, மெய்தான். ஆனால், அன்றாடக் கூலி பெறும் ஒருவர் குழாயில் நீர் வரவில்லை என்று சொல்ல ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஈரோட்டுக்குச் சென்றால், அன்றைய கூலி போயிற்று. நடந்தே சென்று தட்டக்கூடிய கதவு வார்டு உறுப்பினருடைய கதவு ஒன்றே.

அக்கதவு நெடுங்காலம் இல்லாமல் இருந்தது. தமிழகத்தில் 1970இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபின், அடுத்த தேர்தலுக்கு 1986 வரை காத்திருக்க நேர்ந்தது. இந்நிலையை மாற்றவே 1993இல் அரசியலமைப்பின் 73, 74ஆம் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. பதவிக்காலம் ஐந்தாண்டு, அது முடியுமுன்னரே அடுத்த தேர்தல் நடத்தப்படல் வேண்டும் என்பது அவற்றின் கட்டளை. அதன்படி 1996, 2001, 2006, 2011 எனத் தவறாது தேர்தல் நடந்தது. 2016 அக்டோபரில் வாக்குப்பதிவுக்கு இரு வாரமே இருக்கையில், பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறைப்படி செய்யப்படவில்லை எனும் வழக்கில் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை இரத்துச் செய்தது. ஆண்டு முடிவதற்குள் தேர்தலை நடத்தவும் பணித்தது. ஆனால் ஊராட்சிகளுக்குத் தேர்தல் வந்தது 2019 டிசம்பரில். நம்முடையது போன்ற பேரூராட்சிகளுக்கோ 2022 பிப்ரவரி 19இல். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக அதிகாரிகளே தனி அலுவலர்களாக நிருவகித்தனர்.

அவ்வதிகாரிகள் மீது நாம் குற்றம் சாட்டவில்லை. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து ஏறத்தாழ இரண்டு இலட்சம் கனஅடி நீர் திறந்துவிடப்பட்டு, பவானி முதல் கொடுமுடி வரை காவிரிக் கரையோரக் குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தபோது, முகாம்களை அமைத்து உணவளித்தவர்கள் அதிகாரிகளே. எனினும், எந்த வீட்டில் படுக்கையை விட்டு எழ முடியாத முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறாள் என்பதை அத்தெருவிலேயே வாழ்பவர் அறிவது போல் மாற்றலாகி வந்தவர் அறிய இயலுமோ? பணியில் குறையிருப்பினும் அவரை வாக்களித்து அகற்ற மக்களுக்கு வழியில்லை.

இது பழங்கதையாகவும் போய்விடவில்லை. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாள் முடிவுற்றது, தேர்தல் நடைபெறவில்லை. 28 மாவட்டங்களில் 9,600க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலரிடம் சென்றன. ஓர் ஒன்றியத்து ஊராட்சிகள் அனைத்துக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவரே பொறுப்பு.

பேரூராட்சியில் வாழும் நமக்கு வேறொரு குறையும் உண்டு. ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. வரவு செலவு அங்கே வாசிக்கப்படுகிறது. எவரும் எழுந்து வினவலாம். ஆனால் கொடுமுடி, ஊஞ்சலூர், வெங்கம்பூர், சென்னசமுத்திரம், சிவகிரி, கொல்லன்கோவில் என நம் சுற்றுவட்டத்தில் பல ஊர்கள் பேரூராட்சிகள். அவற்றுக்குக் கிராம சபை கிடையாது. நகரங்களுக்கான வார்டுக் குழுவையும் 3 இலட்சத்துக்குக் குறையாத மக்கள்தொகை உடைய இடங்களுக்கே அரசியலமைப்பு கட்டாயமாக்கியுள்ளது. பகுதி சபைகளுக்கான விதிகளைத் தமிழக அரசு வகுத்ததே 2022இல்தான். பேரூராட்சித் தலைவரையும் 2011இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தனர். 2022இல் உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தனர். ஆதலின் நம் வாக்குக்கு நேரே பதில் சொல்லக் கடமைப்பட்டவர் வார்டு உறுப்பினர் ஒருவரே.

அவரிடம் நாம் எதைக் கேட்கிறோம்? சான்றிதழுக்குப் பரிந்துரை, முதியோர் உதவித்தொகைக்கு ஒரு வார்த்தை, காதணி விழாவுக்கு வருகை. மன்றக் கூட்டத்தில் எத்தீர்மானத்துக்குக் கை உயர்த்தினீர் என்று கேட்பார் அரியர். பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கப்பட்ட பின்னர் வேறொரு வழக்கமும் பரவியுள்ளது. வென்றவர் மனைவி, தொலைபேசியை எடுப்பவரும் பதில் சொல்பவரும் கணவர். “அம்மாவிடமே பேச வேண்டும்” என்று பணிவுடன் வற்புறுத்தும் உரிமை நமக்குண்டு. நம் மாதா சங்கத் தாய்மார் இருவர் மூவராகச் சென்றால் அது எளிதில் கைகூடும்.

வாய்மொழியாய்ப் பதில் கிட்டாவிடின், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளது. 10 ரூபாய்க் கட்டணத்துடன் பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால், 30 நாட்களுக்குள் மறுமொழி தருதல் வேண்டும். “ஏன் எங்கள் தெரு கவனிக்கப்படவில்லை?” என்று எழுதுவதில் பயனில்லை, காரணம் கேட்டால் தட்டிக்கழிக்க இடமுண்டு. இன்ன தெருவின் வடிகாலுக்கு மதிப்பீடு எவ்வளவு, தீர்மானம் நிறைவேறிய நாள் எது, ஒப்பந்ததாரர் யார், இதுவரை வழங்கிய தொகை எவ்வளவு என்று ஆவணத்தில் உள்ளவற்றைக் கேட்டு நகல் கோருதல் வேண்டும். வந்த நகலை வார்டு உறுப்பினரிடம் எடுத்துச் சென்று, அவர் முன்னிலையிலேயே வாசித்துக் காட்டலாம்.