ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை; வாயில் பொயிலை

தேவிகுளம், மூணாறு தேயிலை லயங்களில் வெற்றிலைச் சுருக்குப்பை பழகிய காட்சி. கொழுந்து பறிக்கப் போகும் அக்காமார் குளிருக்கு இதமென்று ஒரு துண்டு பொயிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள், ஆண்களுக்குப் பீடி. இதே வீடுகளில் இதய வால்வு மாற்றியவர்களும் இருக்கலாம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இப்படிப்பட்ட செயற்கை வால்வில் ரத்தம் கட்டாமலிருக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் மாத்திரையை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும்.

பீடி என்ன செய்கிறது?

பீடிப் புகையில் உள்ள தார்ப்பொருள்கள் கல்லீரலின் ஒரு நொதியை முடுக்கிவிடும். மாத்திரையின் ஒரு பகுதி சீக்கிரமே சிதைந்துபோகும். புகைப்பவர்களுக்கு வார்ஃபரின் சராசரியாக 12 சதவீதம் கூடுதலாகத் தேவைப்படுவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, புகை தன் பங்குக்கு ரத்தத்தை உறையவும் தூண்டும்.

மெல்லுகிறவர்களுக்கு வேறு வழி

கீரையைத் திடீரென்று கூட்டாதே, குறைக்காதே என்று டாக்டர் சொல்வது வைட்டமின் கே-க்காக; அது மாத்திரைக்கு நேர் எதிரி. புகையிலையிலும் அது உண்டு. எவ்வளவு மாத்திரை கொடுத்தும் ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) ஏறாத ஓர் அமெரிக்க நோயாளியைப் பற்றி 2004-இல் ஒரு மருத்துவ இதழ் எழுதியது. வாய்ப்புகையிலையை நிறுத்தியதும் சில நாட்களில் 1.1 ஆக இருந்த அளவு 2.3 ஆனது. ஒருவரின் அனுபவம்தான், ஆனாலும் மெல்லுகிறவர் யாரும் இதை ஒதுக்கிவிடக் கூடாது.

நிறுத்தும்போதுதான் கவனம்

எனக்குப் பெரிய கவலை இங்கேதான். மகள் கெஞ்சினாள் என்று ஒருவர் பீடியை விட்டுவிடுகிறார். நல்ல காரியம். ஆனால் புகைத்த காலத்துக்கு அளந்த மாத்திரை இப்போது அதிகமாகிவிடலாம். ஈறில் ரத்தம், கறுத்த மலம், சிவந்த சிறுநீர், திடீர்க் கடுந்தலைவலி தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்குப் பயந்து பீடியைத் தொடர வேண்டாம்; மாத்திரையைத் தானாகக் குறைக்கவும் வேண்டாம். நிறுத்தும் நாளை டாக்டரிடம் முன்பே சொல்லி, அடுத்த ஓரிரு வாரங்களில் ஐ.என்.ஆர் பார்த்தால் அவர் அளவைத் திருத்துவார்.

டாக்டர் “புகை உண்டா?” என்று கேட்டால், மெல்லுகிற பாட்டி “இல்லை” என்றுதான் சொல்வார். வெற்றிலையோடு போடுவதையும் கூட வருபவர் எடுத்துச் சொல்லுங்கள். விட உதவி வேண்டுமென்றால் அரசின் இலவச எண் 1800-11-2356.