குறுங்கால் வேட்டை நாய்

மனிதனோடு கூடி வாழும் விலங்குகளுள் நாயைப் போல வடிவில் வேறுபட்டது பிறிதொன்று இல்லை எனலாம். கன்றினை ஒத்து உயர்ந்த நாயும் உண்டு. கைகளுள் அடங்கும் சிறு நாயும் உண்டு. இவ்வேறுபாடுகளுட் பல தாமே தோன்றியவை அல்ல. தாம் விரும்பிய பணிக்கு ஏற்ற நாய்களையே தேர்ந்து, தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து வந்த மக்களின் முயற்சியால் விளைந்தவை அவை. இதற்குச் சிறந்த சான்றாக விளங்குவது ஜெர்மனி நாட்டின் டாக்ஸ்ஹுண்ட் என்னும் நாய் ஆகும்.

ஜெர்மானிய மொழியில் ‘டாக்ஸ்’ என்பது வளைக்கரடியைக் குறிக்கும். ‘ஹுண்ட்’ என்பது நாயைக் குறிக்கும். வளைக்கரடி ஐரோப்பியக் காடுகளில் மண்ணை ஆழத் தோண்டி வளை அமைத்து வாழும் விலங்கு. பகலில் வளையுள் உறங்கி இரவில் இரை தேடும் இயல்பினது. வலிய நகங்களும் கூரிய பற்களும் உடையது. நெடுங்கால் நாய்கள் அதன் வளைவாயிலில் நின்று குரைக்கலாமேயன்றி, உள்ளே புகுதல் இயலாது. ஆதலின் வேட்டுவர் குறுங்கால் நாய்களைத் தேர்ந்து வளர்த்தனர். பின்னர் 1888-ஆம் ஆண்டில் இந்நாய்க்கெனவே ஜெர்மனியில் ஒரு சங்கம் நிறுவப்பெற்றது.

இந்நாயின் உடல் நீண்டது. கால்கள் மிகக் குறுகியவை. நெஞ்சு அகன்றும் முன்னங்கால்கள் மண்ணைத் தோண்டுதற்கேற்ப வலிமை பெற்றும் இருக்கும். சிறிய உடலினின்று எழும் இதன் குரைப்பொலி மிகப் பெரிது. மண்ணுள் மறைந்த நாய் எவ்விடத்தில் நிற்கின்றது என்பதை மேலே நிற்கும் வேட்டுவன் அவ்வொலியாலேயே அறிந்துகொள்வான்.

இவ்வினத்தில் மயிரின் தன்மையால் மூவகை நாய்கள் உள்ளன. முதல் வகை குறுமயிர் நாய். இதன் மயிர் அடர்ந்து, உடலோடு படிந்து பளபளக்கும். இதனைத் தூய்மை செய்தல் எளிது. ஆயினும் இது கடுங்குளிரைத் தாங்காது. இரண்டாம் வகை நெடுமயிர் நாய். இதன் மயிர் பட்டுப்போல் மென்மையானது. செவியிலும் வாலிலும் நீண்டு தொங்குவது. நாடோறும் சீவாவிடின் சிக்குண்டுபோகும். மூன்றாம் வகை கம்பிமயிர் நாய். இதன் மேல்மயிர் முரடானது. அதன் அடியில் மென்மயிர் ஒன்றும் உண்டு. முட்புதர்களிற் புகுந்து செல்லும்போது இம்மயிரே கவசமாகும். தாடியும் தடித்த புருவமும் இதற்கு ஒரு முதியவரின் தோற்றத்தைத் தருகின்றன.

இம்மூவகை மயிரும் தோன்றுதற்குரிய காரணத்தை 2009-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி தெளிவாக்கியது. மயிரின் நீளத்தை ஒரு மரபணுவும், முரட்டுத்தன்மையை மற்றொரு மரபணுவும் வகுக்கின்றன. நெடுமயிர்க் கூறு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தாலன்றி வெளிப்படாது. ஆகவே, அக்கூற்றினை மறைவாகத் தாங்கிய குறுமயிர்ப் பெற்றோர்க்கு நெடுமயிர்க் குட்டி பிறத்தலும் கூடும். கம்பிமயிர்க் கூறோ, ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்பட்டுவிடும்.

இனி, இந்நாயின் குணத்தைக் காண்போம். இது அஞ்சாமை மிக்கது; தன்னினும் பெரிய விலங்கையும் எதிர்க்கத் துணிவது. தன்னை வளர்ப்பவரிடம் பேரன்பு பூண்டது. அயலாரைக் கண்டால் உரத்துக் குரைப்பது. ஆயினும் இது பிடிவாதம் உடையது, சொல்லுக்கு எளிதில் அடங்காதது என்று பலர் குறை கூறுவர். அக்குணம் எங்கிருந்து வந்தது? இருண்ட வளையுள் தலைவன் துணை இல்லை. அவன் கட்டளையும் இல்லை. முன்னேறுவதா, பின்வாங்குவதா, நின்று குரைப்பதா என்பதை நாயே தனித்து முடிவு செய்தல் வேண்டும். அவ்வாறு முடிவு செய்ய வல்ல நாய்களையே மக்கள் தேர்ந்தனர். தாம் விரும்பித் தேர்ந்த குணத்தையே பின்னர்க் குற்றம் என்பது எங்ஙனம் பொருந்தும்? இதனை அடித்துத் திருத்துதல் பயன் தராது. பொறுமையுடன் சிறிது சிறிதாகப் பயிற்றுதலே தக்கது.

நெடுமயிர் நாய் சற்று அமைதியானது என்றும், கம்பிமயிர் நாய் துடுக்கு மிக்கது என்றும் வளர்ப்போர் கூறுவர். ஆயினும் ஒவ்வொரு நாய்க்கும் இயல்பு வேறு. வளர்ப்பு முறையும் குணத்தை உருவாக்கும். மயிரை மட்டும் நோக்கிக் குணத்தைத் துணிதல் தவறாகும்.

குறுங்கால் இந்நாய்க்கு வேட்டையில் பயன் தந்தது. ஆனால் துன்பத்தையும் உடன் கொணர்ந்தது. முதுகெலும்புக் கணுக்களின் இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. இவ்வினத்தில் அவை இளமையிலேயே இறுகிப் பழுதுறுகின்றன. பழுதுற்ற வட்டு பிதுங்கி நரம்பினை அழுத்தினால் பின்னங்கால்கள் செயலற்றுப்போதலும் உண்டு. குறுங்காலோடு தொடர்புடைய ஒரு மரபணுவே இந்நோய்க்கும் காரணமாதலை 2017-ஆம் ஆண்டின் ஆராய்ச்சி காட்டியது. ஆதலின் இந்நாயைக் கொழுக்க விடலாகாது. உயரத்தினின்று குதிக்க விடலாகாது. தூக்கும்போது நெஞ்சினை ஒரு கையாலும் பின்னுடலை மறு கையாலும் தாங்குதல் வேண்டும்.

அழகின்மேல் கொண்ட ஆசையும் கேடு பயப்பதுண்டு. இவ்வினத்தில் வெளிறிய திட்டுகள் விரவிய நிறமுடைய நாய்களைச் சிலர் பெரிதும் விரும்புவர். அத்தகைய நாய்கள் இரண்டை இணைசேர்த்தால், நான்கில் ஒரு பங்குக் குட்டிகள் அந்நிறக் கூற்றினை இருமடங்காகப் பெறக்கூடும். அவற்றுட் பல செவிடாகவோ குருடாகவோ பிறக்கின்றன. ஆகவே, விவரம் அறிந்தோர் அவ்வாறு செய்யார்.

இன்று இவ்வினத்து நாய்களுட் பெரும்பாலானவை வேட்டைக்குச் செல்வதில்லை. இங்கிலாந்தில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் வளைக்கரடிகளுக்கே காவலாக நிற்கின்றது. பணி நீங்கினாலும் அப்பணிக்கென அமைந்த உடலும் குணமும் நீங்கவில்லை. வீட்டுத் தோட்டத்தில் இந்நாய் மண்ணைத் தோண்டுவதும், வாயிலில் அயலாரைக் கண்டு முழங்குவதும் அப்பழந்தொழிலின் எச்சங்களே. ஓர் உயிரைத் தன் விருப்பத்திற்கேற்ப உருமாற்றியவன் மனிதன். அவ்வுருவால் அவ்வுயிர்க்கு வரும் இடரைக் களைவதும் அவன் கடனே ஆகும்.