ஒற்றையாட்சியும் ஒருமித்த நாடும்: அமைதி ஆவணத்தில் ஒரு சொல்லாக்கம்

பிளவுண்ட சமூகங்களில் அமைதி ஆவணம் உருவாகும்போது, மொழிபெயர்ப்பு இறுதிக்கட்டப் பணியாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. சொல்லே வழக்கின் பொருளாகும் இடத்தில் இக்கருத்துப் பொருந்தாது. இலங்கையின் அரசியலமைப்பு முயற்சி இதற்குத் தக்க சான்றாகும்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரை இலங்கையை ஒற்றையாட்சி அரசு என்கிறது. இதற்குரிய சிங்களத் தொடர் 'ஏக்கிய ராஜ்ய'. அரசியல் நிர்ணய சபையாக அமர்ந்த நாடாளுமன்றத்தின் வழிநடத்தல் குழு, 2017 செப்டம்பரில் இடைக்கால அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அது சிங்களத் தொடரை அவ்வாறே நிறுத்தித் தமிழில் மட்டும் 'ஒருமித்த நாடு' எனக் கொண்டது. ஆங்கிலச் சொல்லைப் பொருத்தமற்றதென விலக்கியது.

இச்சொற்களின் அமைப்பு நோக்கத்தக்கது. 'ஒற்றையாட்சி' என்பதில் தலைமைச் சொல் ஆட்சி. மற்ற இரண்டிலும் அரசு அல்லது நாடு. 'ஒருமித்த' என்பது இறந்தகாலப் பெயரெச்சம். பல கூறுகள் இணைந்தமையை அது உணர்த்தும். ஏகம் என்பதன் வழிவந்த 'ஏக்கிய' அவ்விணைவை உணர்த்தாது. தமிழர் செவிக்கு அது 'ஐக்கிய' என்பதை ஒத்து ஒலிப்பினும், ஐக்கியத்திற்குரிய சிங்களச் சொல் 'எக்சத்' என்பதே.

இவ்வேறுபாடு இருதரப்பிலும் ஐயத்தை எழுப்பியது. ஒற்றையாட்சி தமிழ் வடிவில் நீக்கப்பட்டது எனச் சிங்களத் தேசியவாதிகள் கூறினர். சிங்கள வடிவில் அது நீடிக்கிறது எனத் தமிழ்த் தேசிய மக்கள் முன்னணியினர் வாதிட்டனர். இரா. சம்பந்தன் தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்போ இம்முயற்சிக்குத் துணைநின்றது.

அறிக்கை கையாண்ட தீர்வு மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது. இரு தொடர்களையும் அருகருகே நிறுத்தி, பிளவுறாததும் பிளவுபடுத்த இயலாததுமான அரசு என அவற்றின் பொருளை உறுப்புரையிலேயே அது வரையறுத்தது. நிகரனைத் தேடுவதினும் வரையறையைப் பகிர்வதே அதன் நெறி.

பன்மொழிச் சூழலில் சொல் மயங்குதல் இயல்பே. உதகைக்கும் வயநாட்டுக்கும் சாலைகள் பிரியும் குண்டலுபேட்டை போன்ற கன்னட எல்லையூர்களில், பிறழ உணர்ந்ததைப் பேசுவோர் அக்கணமே திருத்திக்கொள்வர். சட்ட வாசகத்திற்கு அவ்வாய்ப்பில்லை. மாகாண சபைகளுக்கு வழிவகுத்த 13ஆம் திருத்தம் ஒற்றையாட்சிக்கு முரணா என்னும் வினாவில், 1987இல் இலங்கை உச்ச நீதிமன்ற நீதிபதிகளே உடன்பட்டிலர்.

இடைக்கால அறிக்கை அரசியலமைப்பாக நிறைவேறவில்லை. எனினும் அது விட்டுச்சென்ற பாடம் தெளிவானது: வரையறை ஒன்றாயினும், அதனை இருதரப்பும் நம்பாதவரை பழஞ்சொல்லின் வரலாறே பொருளை ஆள்கிறது. ஆதலின், மொழிபெயர்ப்பாளர் ஒப்பந்தம் எழுதப்பட்ட பின் அன்று, பேச்சுவார்த்தை தொடங்கும்போதே அழைக்கப்படல் வேண்டும்.